கரிபா ஏரியும் அதற்காக ஊரை விட்டவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் கரிபா அணையைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் உயரம், நீளம், மெகாவாட் என்று ஆரம்பித்து, வெள்ளத்தில் சிக்கிய மிருகங்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்றிய கதையில் முடித்துவிடுவார்கள். நடுவில் "57,000 பேர் இடம்பெயர்ந்தார்கள்" என்று ஒரு வரி வந்து போகும். அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்திருக்கிறேன். அணையின் கணக்கும் உண்டு, வேண்டிய மட்டும்.

கரிபா ஏரி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் நடுவில், சாம்பெசி ஆற்றின் மேல். விக்டோரியா அருவியைத் தாண்டி வரும் ஆறு கரிபா என்ற மலையிடுக்கில் நெருக்கிப் பிடிபடுகிறது. அந்த இடுக்கை அடைத்துத்தான் அணை. ஏரியின் நீளம் 200 கி.மீ.க்கு மேல், அகலமான இடத்தில் 40 கி.மீ. வரை வரும். நிரம்பினால் சுமார் 180 கன கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும். நமக்குப் பழக்கமான டி.எம்.சி. கணக்கில் 6,300க்கு மேல். கொள்ளளவில் மனிதர் கட்டிய ஏரிகளிலேயே இதுதான் உலகில் பெரியது. பரப்பளவில் கானாவின் வோல்டா ஏரி இதைவிடப் பெரியது. எது பெரிய ஏரி என்று இணையத்தில் நடக்கும் சண்டைக்கு இந்தக் குழப்பம்தான் காரணம்.

எதற்காக, யாருக்காகக் கட்டினார்கள்?

மின்சாரத்துக்காக. வடக்கு ரொடீசியா (இன்றைய சாம்பியா), தெற்கு ரொடீசியா (இன்றைய சிம்பாப்வே), நியாசாலாந்து (இன்றைய மலாவி) மூன்றையும் 1953இல் பிரிட்டன் ஒரே கூட்டாட்சியாகச் சேர்த்தது. அதிகாரம் முழுக்க வெள்ளையர் கையில். வடக்கே செப்புச் சுரங்கங்கள், தெற்கே வளர்ந்துவந்த தொழிற்சாலைகள். இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும்.

வடக்கு ரொடீசியா தன் எல்லைக்குள் ஓடும் காஃபுவே ஆற்றில்தான் அணை கேட்டது. 1955இல் முடிவு கரிபாவுக்குச் சாதகமாக வந்தது, முதல் மின்நிலையமும் தென்கரைக்கே போனது. வடகரை மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1970களில்தான். 1956இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஒரே திட்டத்துக்கு அந்த வங்கி அதுவரை கொடுத்த கடன்களில் அதுதான் பெரியது. காஃபுவேயா கரிபாவா என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தில், பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

அணையைக் கட்டியது யார்?

வடிவமைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்திரே குவான். கட்டியது இம்ப்ரெசிட் என்ற இத்தாலிய நிறுவனக் கூட்டு. 128 மீட்டர் உயரத்தில் வில்போல் வளைந்த கான்கிரீட் சுவர். 1957லும் 1958லும் அடுத்தடுத்து வந்த வெள்ளம், பாதி கட்டிய வேலைகளைப் புரட்டிப் போட்டது. 1958இல் வந்தது அதுவரை பதிவில் இல்லாத வெள்ளம். வேலை முடிவதற்குள் 86 தொழிலாளர்கள் இறந்தார்கள். அணைக்கு மேலே குன்றில் புனித பார்பராவுக்கு ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு செய்தி. இதே குவான் வடிவமைத்த மால்பாசே அணை 1959 டிசம்பரில் பிரான்சில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கரிபாவில் அப்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட கரிபா பொறியாளர்கள் அன்று எப்படித் தூங்கினார்களோ!

பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் யார்? டோங்கா என்பது பசிபிக் தீவு இல்லையா?

பெயர் ஒன்றுதான், மக்கள் வேறு. சாம்பெசியின் இரு கரையிலும் இருந்தவர்கள் டோங்கா மொழி பேசும் ஆப்பிரிக்க மக்கள். பள்ளத்தாக்கின் பெயர் குவெம்பே என்பதால் 'குவெம்பே டோங்கா' என்று சொல்வது வழக்கம். ஆற்று மக்கள் என்ற பொருளில் 'பாசில்விசி' என்றும் ஒரு பெயர் உண்டு.

வரைபடத்தில் ஆறு இரண்டு காலனிகளுக்கு நடுவே எல்லைக்கோடு. அவர்களுக்கு அது தெரு மாதிரி. தோணியில் ஏறினால் அக்கரையில் அத்தை வீடு. கல்யாணம், கருமாதி, கடன், கால்நடை எல்லாம் ஆற்றைக் கடந்துதான் நடந்தன.

ஆற்றங்கரையில் பிழைப்பு எப்படி?

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குவெம்பே வெக்கை மிகுந்த, மழையை நம்ப முடியாத இடம். மேட்டு நிலத்தில் கம்பும் சோளமும் மழைக்காலத்தில் விதைப்பார்கள். மழை பொய்த்தால் அது போச்சு. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் சாம்பெசி பெருகி, வடியும்போது கரையில் வண்டலை விட்டுப் போகும். அந்த ஈர மண்ணில் மழை இல்லாத மாதங்களிலும் மக்காச்சோளம் வரும், காய்கறி வரும், புகையிலை வரும். உரம் வேண்டாம், தண்ணீர் இறைக்க வேண்டாம். ஒரு விளைச்சல் போனால் இன்னொன்று கை கொடுக்கும். வறட்சி வந்தால் பஞ்சம் வராமலில்லை. ஆனாலும் ஆற்றங்கரைத் துண்டு நிலம் இருந்தவரைக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

அந்தத் துண்டுகள் சின்னவை, தலைமுறை தலைமுறையாகக் கை மாறியவை. டோங்கா மக்கள் தாய்வழிச் சமூகம். கரை நிலம் பெண்கள் பேரிலும் இருந்தது.

அதிகாரிகளின் அறிக்கைகள் இவர்களை 'பின்தங்கியவர்கள்' என்றன. சாலை இல்லை, பள்ளிக்கூடம் குறைவு, அது உண்மைதான். வெளியுலகம் தெரியாதவர்கள் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இந்த ஊர்களின் ஆண்களில் பலர் சுரங்கத்திலும் பண்ணையிலும் நகரங்களிலும் கூலி வேலை பார்த்துத் திரும்பியவர்கள்.

அணை வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னார்களா?

சொன்னார்கள். சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ஆற்றை ஒரு சுவர் நிறுத்துமா? வெள்ளைக்காரர்கள் நம் நிலத்தைப் பிடுங்கக் கட்டிவிட்ட கதை என்று நினைத்தார்கள். தெற்கு ரொடீசியாவில் ஆப்பிரிக்கர்களின் நிலம் போன விதத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் என்ன தப்பு? இதை 'மூடநம்பிக்கை' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏரியின் நீர்மட்டத்தை இன்னும் உயர்த்த முடிவானது. அதனால், முன்பு ஒதுக்கிய இடங்கள் போதவில்லை. தங்களுக்குப் பாதிப்பில்லை, இருந்தாலும் பக்கத்திலேயே நகர்ந்தால் போதும் என்றிருந்த ஊர்களும் தொலைவுக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலில் சேர்ந்தன. அதிகாரிகளின் வாக்கு மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதோடு போனது.

எத்தனை பேர் போனார்கள்? எங்கே?

மொத்தம் சுமார் 57,000 பேர். வடகரையில் 34,000, தென்கரையில் 23,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1958 டிசம்பரில் அணையை மூடுவதற்குள் அனைவரையும் நகர்த்தியாக வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாம் நடந்தது. லாரிகளில் சாமான், கோழி, ஆடு, பானை, அதற்கு மேல் ஆட்கள்.

வடகரையில் பலரை ஏரிக்கு மேலேயே மேட்டு நிலத்தில் குடியமர்த்தினார்கள். இடம் போதாமல் போகவே, சிப்பெப்போ என்ற குலத்தலைவரின் பகுதியைச் சேர்ந்த சுமார் 6,000 பேரை அணைக்குக் கீழே லுசிட்டு என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். பழைய ஊர்களிலிருந்து 150 கி.மீ.க்கு மேல் தள்ளி, வேறு மொழி பேசுகிறவர்களின் பகுதியில். தென்கரையில் பெரும்பாலானோர் ஆற்றை விட்டு உள்ளே, மண் மெலிந்த, செட்சி ஈ மொய்க்கும் காட்டுப்பக்கம் போனார்கள். மாட்டுக்கு நோய் பரப்பும் இந்த ஈ இருக்கும் இடத்தில் மாடு தங்காது.

அதோடு இரு கரைக்கும் நடுவில் ஒரு கடல் வந்துவிட்டது. துடுப்புப் போட்டுக் கடந்த ஆறு, அடிவானம் தெரியாத தண்ணீரானது. உறவுகள் அங்கங்கே நின்றுபோயின. பின்னாளில் ரொடீசியாவில் விடுதலைப் போர் நடந்த ஆண்டுகளில் அந்தப் பக்கம் போய்வருவதே ஆபத்து என்றாகிவிட்டது.

1958 செப்டம்பர் 10 அன்று என்ன நடந்தது?

லுசிட்டுவுக்குப் போக மறுத்த சிப்பெப்போ மக்கள் சிசோமோ என்ற ஊரில் திரண்டார்கள். வடக்கு ரொடீசியாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சி அவர்களுக்கு ஆதரவாக இருந்தது. ஆளுநர் ஆர்தர் பென்சன் நேரிலேயே வந்து பேசிப் பார்த்தார். மக்கள் மசியவில்லை. ஈட்டியோடு நின்றார்கள். போலீஸ் கூட்டத்தைக் கலைக்க முயன்றபோது ஆண்கள் பாய்ந்து வந்தார்கள், போலீஸ் சுட்டது. எட்டுப் பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். மிச்சமிருந்தவர்களை லாரியில் ஏற்றினார்கள்.

அணையின் புகழ்பாடும் பல புத்தகங்களில் இதற்கு ஒரு பத்திதான். சாம்பியாவின் டோங்காக்களிடம் இது ஒரு போர்.

லுசிட்டுவில் அவர்கள் கதி என்ன ஆனது?

முதல் ஆண்டே சாவுகள். குடிதண்ணீர் சரியில்லை, கூட்டம் அதிகம்; வயிற்றுக்கடுப்பில் குழந்தைகள் போயின. 1959இல் இன்னொரு அலை வந்தது. நன்றாக நடமாடிய பெண்களும் குழந்தைகளும் திடீரென்று நினைவிழந்து ஓரிரு நாளில் இறந்தார்கள். பழக்கமில்லாத காட்டில் கீரை, கிழங்கு என்று எதையோ நச்சு என்று தெரியாமல் பறித்துத் தின்றிருக்கலாம் என்பது ஒரு ஊகம். உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. புதைத்த முன்னோரைத் தண்ணீருக்கடியில் விட்டு வந்ததன் பலன் என்றே அந்த மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எந்தக் கீரை உணவு, எந்தக் கிழங்கு விஷம் என்பதெல்லாம் ஓர் இடத்தில் நூறு வருஷம் இருந்து சேரும் அறிவு. பெயர்த்துக்கொண்டு போக முடியாது. இழப்பீட்டுக் கணக்கில் இதற்கு எந்தத் தலைப்பும் கிடையாது.

பெண்களுக்கு இழப்பு அதிகம் என்கிறார்களே, ஏன்?

பழைய கரை நிலம் பெண்களுக்குத் தாய் வழியில் வந்தது என்று சொன்னேன் அல்லவா? புது இடத்தில் காட்டை வெட்டித் திருத்தியவன் பேரில் நிலம். வெட்டியவர்கள் ஆண்கள். சொந்த நிலக்காரி, புருஷன் நிலத்தில் உழைக்கும் நிலைக்கு வந்தாள். ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் இது. இதற்கு யாரும் சட்டமோ உத்தரவோ போடவில்லை.

இழப்பீடு கொடுத்தார்களா?

வடகரையில் கொஞ்சம் ரொக்கம் கிடைத்தது. தென்கரையில் அதைவிடக் குறைவு. ஆண்டுக்கு இரு விளைச்சல் தந்த வண்டல் நிலத்துக்கு ஈடான நிலம் இரு கரையிலும் எவருக்கும் கிடைக்கவில்லை.

நியாமிநியாமி யார்?

சாம்பெசியின் ஆற்றுத் தெய்வம். மீன் தலை, பாம்பு உடல். 1957, 1958 வெள்ளங்களை, சுவருக்கு எதிராக அது கொண்ட கோபம் என்று சொல்வார்கள். அணை அதையும் அதன் மனைவியையும் பிரித்துவிட்டது, ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றும், நில அதிர்வு வந்தால் அது மனைவியைத் தேடிப் புரளுகிறது என்றும் கதை உண்டு. அதிர்வுகள் உண்மை. ஏரி நிரம்பிய 1963இல் ரிக்டர் அளவில் 6க்கு அருகே வந்த நிலநடுக்கம், தேங்கிய நீரின் எடையால் தூண்டப்பட்டவற்றில் பெரிய ஒன்றாக உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

இன்றைக்கு நியாமிநியாமி கைத்தடியாகவும் கழுத்துப் பதக்கமாகவும் சுற்றுலாக் கடைகளில் தொங்குகிறது. ஆனால் டோங்கா மக்களின் அன்றாட வழிபாட்டில் இதைவிட முக்கியமானவை 'மலெண்டே' என்னும் மழைக் கோயில்கள். ஒரு மரமோ, சிறு குடிசையோ, ஒரு நீர்நிலையோ மலெண்டேயாக இருக்கலாம். ஊர்களோடு பல மலெண்டேக்களும் மூழ்கின. சிலர் பழைய இடத்து மண்ணையோ ஒரு பொருளையோ எடுத்துவந்து புதிதாக நிறுவினார்கள். எல்லா இடத்திலும் சாமி கூடவே வரவில்லை.

மிருகங்களைக் காப்பாற்றிய 'நோவா நடவடிக்கை' என்பது?

தண்ணீர் ஏற ஏற, குன்றுகள் தீவாயின, மிருகங்கள் சிக்கின. தெற்கு ரொடீசியாவின் வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ரூபர்ட் ஃபாதர்கில் தலைமையில் ஒரு சிறு குழு 1959 முதல் சில ஆண்டுகள் ஆயிரக்கணக்கான விலங்குகளைக் கரை சேர்த்தது. மான், காட்டுப்பன்றி, பாம்பு, மயக்க மருந்து கொடுத்த காண்டாமிருகம் கூட. சாதாரணக் கயிறு மானின் காலை அறுக்கிறது என்பதால் நைலான் காலுறைகளைப் பின்னிக் கயிறாக்கினார்கள். நகரத்துப் பெண்கள் பழைய காலுறைகளை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின.

அந்தக் குழு உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தது, அதைக் குறை சொல்வதற்கில்லை. காலுறை அனுப்பியவர்களும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் லுசிட்டுவில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். அதற்கு யாரும் மூட்டை கட்டவில்லை. மீட்ட விலங்குகளில் பல, தென்கரையில் இன்று மாட்டுசடோனா தேசியப் பூங்கா இருக்கும் பகுதிக்குப் போயின. அங்கே சொகுசு விடுதிகள் உண்டு. ஏரியோரத்தின் நல்ல பகுதிகள் பலவும் இப்படிக் காட்டு விலங்குக்கும் சுற்றுலாவுக்கும் என்றாகிவிட்டன. தள்ளியிருக்கும் டோங்கா விவசாயியின் பயிரை யானை மேய்ந்துவிட்டுப் போகும்.

ஏரியால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லையா?

உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பிய முதல் ஆண்டுகளில் மீன் கொட்டியது. வடகரையில் சில வருடங்கள் வெளியாரை மீன்பிடிக்க விடாமல் உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கி, பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தக் காசில் மாடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அறுபதுகளின் நடுவில் மீன் குறைந்ததும் அந்த வாய்ப்பு சுருங்கியது.

1967-68இல் டாங்கன்யிகா ஏரியிலிருந்து 'கபென்டா' என்ற பொடிமீனைக் கொண்டுவந்து விட்டார்கள். இரவில் விளக்குப் போட்டு ஈர்த்து, வலையில் அள்ளி, வெயிலில் காயவைக்கும் நெத்திலி மாதிரியான மீன். இன்று இரண்டு நாட்டுச் சமையலிலும் அது இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க மிதவை, என்ஜின், பெரிய முதல் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே அது பெரும்பாலும் வெளியூர் முதலாளிகளின் தொழில். டோங்கா ஆட்கள் பலர் அதில் கூலிக்குப் போனார்கள்.

மின்சாரமாவது கிடைத்ததா?

கம்பிகள் தலைக்கு மேலே போயின. செப்புச் சுரங்கத்துக்கும் நகரங்களுக்கும். இடம்பெயர்ந்த ஊர்களில் பல தலைமுறைகளுக்கு விளக்கு எரியவில்லை. இன்றும் எரியாத ஊர்கள் உண்டு. தென்கரையில் பிங்கா பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது: "போங்கள், தண்ணீர் உங்கள் பின்னாலேயே வரும்" என்று அதிகாரிகள் சொன்னார்களாம். பாசனத்தைத்தான் சொன்னார்கள் என்று நம்பிப் போனவர்கள், ஏரிக்கு அருகிலேயே குடத்தோடு நெடுந்தூரம் நடந்தார்கள்.

இதெல்லாம் எப்படி இவ்வளவு விவரமாகத் தெரிகிறது?

எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கடர் என்ற இரு அமெரிக்க மானிடவியலாளர்கள் 1956-57இல், மக்கள் நகர்வதற்கு முன்பே, ஊர்களில் தங்கி ஒவ்வொரு வீடாக விவரம் எடுத்தார்கள். பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அதே குடும்பங்களிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். உலகில் வேறெந்த இடப்பெயர்வையும் இவ்வளவு காலம் ஒரே கை தொடர்ந்து பதிவு செய்ததில்லை என்றே சொல்லலாம். கோல்சன் சாம்பியாவிலேயே தங்கி, 2016இல் அங்கேயே இறந்தார். ஸ்கடர், இடம்பெயர்ந்தவர்களை நல்லபடி குடியமர்த்தினால் பெரிய அணைகள் பயன் தரும் என்று பல ஆண்டுகள் நம்பியவர். உலக அணைகள் ஆணையத்திலும் இருந்தார். வயதான காலத்தில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார்.

அவர்களுக்காக இப்போது யார் பேசுகிறார்கள்?

சாம்பியாவில் 1990களின் கடைசியில் மின்வாரியம் உலக வங்கித் தொடர்போடு குவெம்பே டோங்காவுக்கென்று ஒரு மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. அதாவது, நாற்பது வருஷம் கழித்து. சிம்பாப்வேயில் 2002இல் டோங்கா மக்களே பாசில்விசி அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். அந்நாட்டின் 2013 அரசமைப்புச் சட்டத்தில் டோங்கா அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக இடம்பெற்றது.

அணை இன்று எப்படி இருக்கிறது?

மதகு வழியே விழுந்த தண்ணீர் அணைக்குக் கீழே பாறையைக் குடைந்து 80 மீட்டர் ஆழக் குழியாக்கிவிட்டது. அது அணையின் அடிவாரத்தை நோக்கி வளராமல் தடுக்கும் சீரமைப்பு 2017இல் தொடங்கியது. இன்னொரு பக்கம் வறட்சி. 2022 நவம்பரில் நீர் மிகவும் இறங்கி, தென்கரை மின்நிலையத்தை நிறுத்தச் சொல்லும் அளவுக்குப் போனது. 2024இல் சாம்பியாவின் நகரங்கள் நாளின் பெரும்பகுதி இருட்டில் கிடந்தன.

இவ்வளவு நீர் இறங்கும்போது பழைய ஊர்கள் தெரியுமா?

தெரியாது. மின்நிலையம் இயங்கும் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 475.5 மீட்டரிலிருந்து 488.5 மீட்டர் வரை. மேலே இருக்கும் அந்தப் 13 மீட்டர்தான் ஏறி இறங்கும். ஆற்றங்கரை அதற்கு வெகு கீழே. தெரிந்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது. கம்பும் களிமண்ணும் புல்லும் வைத்துக் கட்டிய வீடுகள் முதல் வாரத்திலேயே கரைந்திருக்கும். ஏரியில் இன்றும் நீருக்கு மேலே நிற்பவை வெட்டாமல் விட்ட மரங்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் பட்ட மரமாக நிற்கின்றன. சாயங்காலம் அவற்றின் மேல் நீர்க்காகம் உட்காரும். சுற்றுலாப் படகுகள் படம் எடுக்க அங்கே கொஞ்சம் வேகம் குறைக்கும்.